இரண்டு மெரூன் ஜாக்கெட்

படித்ததையெல்லாம் பத்தே நாளில் அடுத்தவர் தலையில் செயல்படுத்திப் பார்த்துவிடத் துடிக்கும் வயது ஒன்று இருக்கிறது. எனக்கு அது இருபத்துமூன்று. அடுத்தவர் என்று நான் சொல்வது என் சொந்த அக்காவை.

மல்லிகா அக்காவுக்கு அரிமளத்தில் ஒரு தையல் கூடம். உரக்கடைக்கு மேலே மாடியில், நீளமான ஒரே அறை. படியேறும்போது உர வாசனை, ஏறி முடித்தால் புதுத்துணி வாசனை. அக்கம்பக்கத்து ஊர்க் கல்யாணப் பெண்களில் பாதிப் பேருக்கு அக்கா தைத்த ஜாக்கெட்தான். நான் அப்போது திருச்சியில் எம்.பி.ஏ. முடித்துவிட்டு, விராலிமலைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் உற்பத்தித் திட்டமிடல் பிரிவில் நான்கு மாதம் பயிற்சியும் முடித்திருந்தேன். எந்த வேலையை எந்த இயந்திரத்துக்கு, எதற்குப் பின் எதை அனுப்புவது என்று கட்டம் போட்டுக் கலர் அடிக்கும் வேலை. (பயிற்சிக்காரி என்பதால் எனக்குக் கலர் அடிக்கிற பாகம் மட்டும்தான் கொடுத்தார்கள். அதை நான் வீட்டில் சொல்லவில்லை.)

ஆவணி பிறந்த கையோடு அக்காவுக்குக் குடல்வால் வீங்கிவிட்டது. புதுக்கோட்டையில் சேர்த்து அறுவை சிகிச்சை. பத்து நாள் மாடிப்படி ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். முகூர்த்த மாசம், கையில் முப்பத்தெட்டு ஜாக்கெட் வேலை. அக்கா மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடி கூடத்துச் சாவியை என்னிடம் நீட்டினாள்.

"பானு இருக்கா. அவ பாத்துக்கிருவா. நீ சும்மா கூட இருந்து போன் மட்டும் எடு, போதும். அரசம்பட்டிக்காரக பொண்ணு அபிராமிக்கு முகூர்த்த ஜாக்கெட்டு இருக்கு, முழுக்க ஆரி வேலை. பத்தாம் நாள் கல்யாணம். அது ஒண்ணு மட்டும் பிசகிறக் கூடாது தேனு. முத முதல்ல நம்ம கடையத் தேடி வந்த குடும்பம்."

"நீ நிம்மதியா படுக்கா. திரும்பி வரும்போது கூடம் எப்படி ஓடுதுன்னு பாரு" என்றேன்.

அக்காவின் முகத்தில் அப்போது ஒரு பயம் வந்தது. மயக்க மருந்தின் வேலை என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மடிக்கணினியோடு மாடி ஏறினேன். பானுமதி ஏற்கெனவே வெட்டு மேசையில் நின்றிருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். துணியை உதறிப் போட்டு, சாக்கட்டியால் நான்கு கோடு இழுத்து, கத்தரியைத் திறந்தால் நிறுத்தாமல் வெட்டி முடிப்பாள். ஓரத்தில் ஆரி கட்டை. மரச்சட்டத்தில் துணியை விறைப்பாக இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால் ஜரிகையும் மணியும் கோர்ப்பதற்கு. அதில் கவிதாவும் இன்னொரு பெண்ணும். நடுவில் நான்கு தையல் மிசின். ஜன்னலோரம் கொக்கி வைப்பதும் அயர்ன் பண்ணுவதும்.

அக்காவின் திட்டமிடல் முறையைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. சுவரில் ஒரு ஆணி. ஆணியில் குத்திய சீட்டுகள். அவ்வளவுதான்.

"பானுக்கா, இதுல எதை மொதல்ல எடுக்கணும்னு எப்படித் தெரியும்?"

"அதெல்லாம் தெரியும்" என்றாள் பானு.

"அதான் எப்படி?"

"யாரு கல்யாணம் எப்பன்னு தெரியும்ல. ஆரி வேலை இருந்தா அத மொதல்ல கட்டையில ஏத்திருவோம். அது பாட்டுக்கு அங்கிட்டு ஓடும். மத்தத இங்கிட்டு தச்சுக்கிட்டே இருப்போம். நடுவுல யாரு ரொம்ப போன் போடுறாகளோ அவுக துணி."

நான் அனுதாபத்தோடு தலையசைத்தேன். நோயாளியிடம் டாக்டர் அசைப்பாரே, அப்படி.

மதியத்துக்குள் சுவர் மாறிவிட்டது. ஆணியைப் பிடுங்கினேன். (நிஜமாகவே பிடுங்கினேன். சுவரில் ஓட்டை விழுந்து காரை உதிர்ந்தது.) அங்கே மஞ்சள் நிற அட்டையில் பெரிய அட்டவணை. இடப்பக்கம் வெட்டு, ஆரி, தையல், கொக்கி, அயர்ன். மேலே நாள், மணி. பிறகு எல்லோரையும் உட்காரவைத்து விதிகளை அறிவித்தேன்.

விதி ஒன்று: நேரம் குறைவாகப் பிடிக்கும் வேலை முதலில். பெரிய வேலை பின்னால். இப்படிச் செய்தால் வாடிக்கையாளர் காத்திருக்கும் நேரம் சராசரியில் குறையும். இது நான் கண்டுபிடித்ததல்ல, உலகமே ஒப்புக்கொண்டது என்றேன்.

விதி இரண்டு: ஒரே கலர் துணியெல்லாம் ஒன்றாகச் சேர்த்துத் தைக்கவேண்டும். மிசினில் நூல் மாற்ற ஆகும் நேரம் மிச்சம். இதற்காகச் செல்போனில் நேரம் பிடித்து ஒவ்வொருவரும் நூல் மாற்றுவதைப் பக்கத்தில் நின்று அளந்தேன். நான் நின்றதால் பதற்றத்தில் ஊசியில் நூல் ஏறவில்லை. அந்த நேரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

விதி மூன்று: தைத்து முடித்ததும் ஆளை வரவழைத்துப் போட்டுப் பார்க்கச் சொல்லும் பழக்கம் தேவையில்லை. சீட்டில் அளவு இருக்கிறது. சீட்டுப்படி தைத்தால் சரியாக இருக்கத்தானே வேண்டும்?

பானு எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அபிராமி ஜாக்கெட்டு மட்டும் இன்னைக்கே கட்டையில ஏத்திரவா?" என்றாள்.

"அது நாலு நாள் வேலைக்கா. அதுதான் இருக்குறதுலயே பெருசு. கடைசியில வரும்."

"கடைசியிலயா?"

"அட்டவணையைப் பாருங்க."

பானு அட்டவணையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் அக்காவின் தங்கை. கத்தரியை எடுத்தாள்.

முதல் மூன்று நாள் என் வாழ்வின் பொற்காலம். லைனிங் இல்லாத சாதா ஜாக்கெட்டுகள் மளமளவென்று முடிந்து கவருக்குள் போயின. முடிந்த கட்டத்தில் பச்சை அடித்தேன். மூன்றாம் நாள் மாலை சுவரே பச்சை வயல் மாதிரி இருந்தது. படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். "நல்லா இருக்கு. அபிராமியோடது எந்த அளவுல இருக்கு?" என்று கேட்டிருந்தாள். நான் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பினேன். அது எந்த அளவையும் குறிக்காது என்பது அதன் வசதி.

இதற்கிடையில் ஆரி கட்டை காலியாக நின்றது. கவிதா முதல் நாள் ஊசியைத் துடைத்து வைத்தாள். இரண்டாம் நாள் மணிகளைக் கலர் வாரியாகப் பிரித்து டப்பாக்களில் போட்டாள். மூன்றாம் நாள், "அக்கா, நான் வேணா ஊருக்குப் போயி கடலை புடுங்கிட்டு வரவா?" என்று கேட்டாள். நக்கலடிக்கிறாள் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. அட்டவணையைப் பார்த்து, "ரெண்டு நாள் போயிட்டு வா" என்றேன்.

கவிதா கடலை பிடுங்கிவிட்டு ஐந்தாம் நாள் காலை வந்தபோதுதான் எனக்கு லேசாக வியர்த்தது. மிச்சமிருந்த நாட்களை விரல்விட்டு எண்ணினேன். ஐந்து, ஆறு, ஏழு, எட்டு ஆரிக்கு. ஒன்பது வெட்டித் தைக்க. பத்து கல்யாணம். நடுவில் ஒரு மின்வெட்டுக்குக்கூட இடமில்லை. அபிராமியின் வேலைதான் பெரியது. அதனாலேயே அதை வரிசையில் கடைசியில் நிறுத்தியவள் நான்.

"ஏத்துங்கக்கா, ஒடனே ஏத்துங்க" என்று பானுவிடம் கத்தினேன்.

கத்திக்கொண்டே இன்னொரு காரியமும் செய்தேன். அபிராமியின் துணி மெரூன் பட்டு. அலமாரியில் இன்னொரு மெரூன் பட்டும் இருந்தது. அது சாதா தையல், இரண்டாம் நாளே முடிந்திருக்க வேண்டியது. மாப்பிள்ளையின் அக்கா வசந்தாவுக்குப் பெண் வீட்டார் எடுத்துக்கொடுத்த சேலையின் ஜாக்கெட். தாலி முடிச்சுப் போடப்போகிற நாத்தனார் என்பதால் தையலும் தாங்களே பார்த்துக்கொள்வதாகச் சொல்லி, அவருடைய பழைய ஜாக்கெட் ஒன்றை அளவுக்கு வாங்கிவந்து கொடுத்திருந்தார்கள். இரண்டும் மெரூன் என்பதால், சேர்த்துத் தைத்தால் நூல் மாற்றும் நான்கு நிமிடம் மிச்சமாகும் என்று அதை நான்தான் பிடித்து வைத்திருந்தேன்.

இரண்டு துணியையும் மேசையில் போட்டு, அவற்றில் குத்தியிருந்த அளவுச் சீட்டுகளைக் கழற்றிக் கணினியில் ஏற்றிவிட்டு, திரும்பக் குத்தினேன். என் கையால் குத்தினேன். இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

பானு சீட்டைப் பார்த்துத் துணியில் சாக்கட்டிக் கோடு போட்டாள். பாதியில் நிறுத்தினாள்.

"தேனு, இந்தப் பொண்ணு இம்புட்டு உடம்பா இருக்குமா? நிச்சயத்துக்குத் தச்சப்ப சின்னதா இருந்த மாதிரி ஞாபகம். போனப் போட்டு ஒரு தடவ வரச் சொல்லிப் பாத்துக்கிருவமா?"

"எங்கக்கா நேரம் இருக்கு? சீட்டுல இருக்குறதுதான் அளவு. போடுங்க."

போட்டாள். அந்தக் கோட்டுக்குள் கவிதாவும் ஆரி கட்டையின் இன்னொரு பெண்ணும் நான்கு நாள் குனிந்த தலை நிமிராமல் கொடியும் பூவும் அன்னப்பட்சியுமாகக் கோர்த்தார்கள். என் பிழைக்கு அவ்வளவு அழகாக ஜரிகை போட்டவர்கள் உலகத்தில் யாரும் இருக்கமாட்டார்கள்.

ஒன்பதாம் நாள் இரண்டு மெரூனும் ஒரே மிசினில், ஒரே நூலில், அடுத்தடுத்துத் தைத்து முடிந்தன. சாயங்காலம் அபிராமியின் சித்தப்பா வந்து பைகளை வாங்கிக்கொண்டு மண்டபத்துக்குப் போனார். கடைசிக் கட்டத்தில் பச்சை அடித்துவிட்டுக் கைதட்டினேன். வேறு யாரும் தட்டவில்லை. எல்லோருக்கும் கழுத்து வலி.

மறுநாள் காலை ஆறேகாலுக்குப் போன். அபிராமியின் அம்மா.

"ஏம்மா, மல்லிகா தங்கச்சிதானே? இந்த ஜாக்கெட்டுக்குள்ள என் மகளோட நானும் போகலாம் போலருக்கே! தோள்ல நிக்கவே மாட்டேங்குதும்மா. அங்கிட்டு நாத்தனாரு கையி உள்ள போயி மாட்டிக்கிருச்சு, வெளிய வரமாட்டேங்குது. அவுக வீட்டு ஆளுகளுக்குத் தெரிஞ்சா என்ன நெனப்பாக? ஒம்பது மணிக்கு முகூர்த்தம்!"

அதற்கு மேல் பேச முடியாமல் அந்த அம்மா அழ ஆரம்பித்தார். எனக்கு அந்த நொடியே எல்லாம் விளங்கிவிட்டது. இரண்டு சீட்டு, இரண்டு ஊசி, மாற்றிக் குத்திய என் கை.

பல் விளக்காமல் இரண்டு தெரு ஓடினேன். பானு வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். நான் மூச்சு வாங்கியபடி சொன்னதைப் பாதியிலேயே புரிந்துகொண்டு, கோலத்தை அரைகுறையாக விட்டுவிட்டு எழுந்தாள். 'நான் அப்பவே சொன்னேன்ல' என்று அவள் சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் உள்ளே பார்த்து, "ஏங்க, வண்டிய எடுங்க. திருமயம் மண்டபத்துக்குப் போகணும்" என்றாள்.

அவள் கணவர் குட்டி யானை ஓட்டுகிறவர். முதல் நாள் அதில் செங்கல் ஏற்றியிருந்தார். தூசியைத் தட்டிவிட்டு மாடியிலிருந்து ஒரு மிசினை மூன்று பேருமாக இறக்கி ஏற்றினோம். மெரூன் நூல், கத்தரி, பிரிக்கிற ஊசி, அயர்ன் பெட்டி. பானு மட்டும் திரும்ப மேலே ஏறிப்போய் ஒரு துணிப்பொட்டலத்தை எடுத்துவந்தாள். வழியில் பேருந்து நிறுத்தத்தில், போனில் வரச் சொல்லியிருந்த கவிதா ஏறிக்கொண்டாள். வண்டியின் பின்னால் மிசினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, திருமயம் வரும் வரை அழுதேன். காற்றில் செங்கல் தூசி வந்து கண்ணீரோடு சேர்ந்தது. மண்டப வாசலில் பன்னீர் தெளிக்க நின்ற பெண் என்னைப் பார்த்ததும் தெளிப்பானைக் கீழே இறக்கிவிட்டாள். முகம் முழுக்கச் செம்மண் பூசியவளுக்குப் பன்னீர் தெளிப்பதா வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

மணமகள் அறைக்குள் நுழைந்தபோது மணி ஏழேகால். அபிராமி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய ஜாக்கெட் இரண்டு தோளிலிருந்தும் வழிந்து, அம்மாவின் சட்டையைப் போட்டுக்கொண்ட குழந்தை மாதிரி இருந்தாள். பக்கத்தில் நாற்காலியில் வசந்தா. நல்ல உயரம், நல்ல உடம்பு. இடது கை முழங்கை வரை அந்தக் குட்டி ஜாக்கெட்டின் கைக்குள் மாட்டி, மேலே துண்டைப் போர்த்தியிருந்தார். போக்குவரத்துப் போலீஸ் மாதிரி கையை நீட்டியபடியே இருந்தார். மடக்கினால் தையல் விடும்.

அவர் காலில் விழுந்துவிடலாம் என்றுதான் போனேன். வாயைத் திறந்ததும் வேறு வந்துவிட்டது. "நான்தாங்க. நான்தான் சீட்ட மாத்திக் குத்திட்டேன். பானுக்கா அப்பவே கேட்டாக, நான்தான் கேக்கல. அக்காவுக்கு ஆபரேஷனுங்க, அவுக மேல ஒண்ணும் இல்ல. மாப்ள வீட்டுல யாரும் கேட்டா என்னைக் காட்டி விட்டுருங்க."

வசந்தா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மொதல்ல மூஞ்சியக் கழுவிட்டு வா" என்றார். பிறகு தன் நீட்டிய கையைப் பார்த்தார். "பரவாயில்ல, இம்புட்டு ஒல்லியா இருக்கலாம்னு என்னைய நெனச்ச மொத ஆளு நீதான்."

அபிராமி முதலில் சிரித்தாள். பிறகு அவள் அம்மா. அந்தச் சிரிப்பு எனக்கு எவ்வளவு பெரிய உதவி என்று அப்போது அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

வசந்தா எழுந்து கதவைச் சாத்தினார். வெளியே மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் யாரோ தட்டினார்கள். கதவை இரண்டு விரற்கடை மட்டும் திறந்து, "பொண்ணுக்கு நான்தான் அலங்காரம் பண்ணுறேன். ஆரும் உள்ள வராதீக. என் சேலைய மட்டும் இங்கிட்டு அனுப்புங்க" என்று சொல்லித் தாழ் போட்டார். ஒரு கையால் இத்தனையும்.

பானு தரையில் சம்மணம் போட்டாள். இரண்டு ஜாக்கெட், ஒரு மிசின், பிரிக்க இரண்டு பேர். "அபிராமியோடத மொதல்ல பாருங்கம்மா, பொண்ணுக்கு நேரமாச்சு" என்று அம்மா கெஞ்சினார். நானும் அதையேதான் சொன்னேன். மிசினில் அதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம்தான்; இன்னொன்றுக்கு ஒரு மணி நேரம் ஆகும். சின்ன வேலை முதலில்! (ஆமாம், அப்போதும் திருந்தவில்லை.)

"வேணாம்" என்றாள் பானு. "பொண்ணு ஜாக்கெட்டுல தையல் ஓரம் பூரா மணி இருக்கு. ஒண்ணொண்ணா எடுத்தாத்தான் ஊசி போகும். அதுக்கே முக்கா மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் மிசினு சும்மா நிக்கவா? இவுகளோடது சாதா தையலு, நாலு நிமிசத்துல பிரிச்சுப்புடலாம். அத மிசின்ல போட்டுட்டா, அது தைக்கிற நேரத்துல கவிதா இத பிரிச்சுருவா."

சொல்லிக்கொண்டே வசந்தாவின் கையை விடுவித்துவிட்டாள். அவள் சொன்னதை என் பாடத்தின் வார்த்தைகளில் எனக்குள் சொல்லிப் பார்த்தேன். முதல் இடத்தில் சீக்கிரம் முடிந்து, இரண்டாம் இடத்தில் அதிக நேரம் பிடிக்கிற வேலையை முன்னால் அனுப்பு. முதல் இடத்தில் இழுத்தடித்து, இரண்டாம் இடத்தில் சட்டென்று முடிவதைப் பின்னால் அனுப்பு. அப்போதுதான் எந்த இடமும் வீணாக நிற்காது. பாடப்புத்தகத்தில் அது ஒரு முழுப் பக்கம். பரீட்சையில் அந்தக் கேள்விக்கு எனக்கு முழு மதிப்பெண். எதிரே ஒருத்தி கோல மாவு ஒட்டிய கையோடு அதைச் செய்துகொண்டிருந்தாள். முதல் நாளே, ஆரியை முதலில் கட்டையில் ஏற்றுவோம் என்று அவள் சொன்னதும் எந்த இடமும் சும்மா நிற்கக்கூடாது என்றுதான். நான்தான் ஆணியைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

பானு பொட்டலத்தை அவிழ்த்தாள். வெட்டியதில் மிஞ்சிய மெரூன் பட்டுத் துண்டுகள். வசந்தாவின் ஜாக்கெட்டைச் சின்னதாக வெட்டியதால் மிச்சத் துணி தாராளமாக இருந்தது. இரண்டு விலாவிலும் கை அடியிலும் ஒட்டுக் கொடுக்க அது போதும். வாடிக்கையாளர் துணியில் ஒரு சாண் துண்டைக்கூடத் தூக்கி எறியக்கூடாது என்பது அக்காவின் வழக்கம். அதை என் அட்டவணையில் இடத்தை அடைக்கும் குப்பை என்று குறித்திருந்தேன்.

"நான் என்னக்கா செய்யணும்?"

பானு சுற்றிலும் பார்த்தாள். மிசின் ஒயரைச் சுவரில் சொருகினாள். ஓடியது, நின்றது, ஓடியது. மண்டபத்து பிளக் பாயிண்ட் லொடலொடவென்று ஆடியது.

"நீ இத அழுத்திப் பிடிச்சுக்க."

ஒன்றரை மணி நேரம் பிடித்துக்கொண்டு நின்றேன். எம்.பி.ஏ., செயல்பாட்டு மேலாண்மை, முதல் வகுப்பு. கை மரத்தால் மறுகை. தோள் மரத்தபோது முதுகைச் சுவரில் முட்டுக்கொடுத்து இடுப்பால் அழுத்தினேன். மிசின் நிற்கும்போதெல்லாம் பானு தலை நிமிராமலே "தேனு!" என்பாள். நான் அழுத்துவேன். ஓடும். கவிதா நான்கு நாள் கோர்த்த மணிகளைத் தையல் ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவளே பேசினாள்.

"அக்கா, நல்லவேளை பெருசா தச்சீங்க. இதச் சின்னதா தச்சிருந்தா நாம இந்நேரம் ஜெகதாப்பட்டினம் கடக்கரைக்குப் போயி போட்டுல ஏறி ஓடியிருக்கணும்."

கீழே நாதஸ்வரம் ஆரம்பித்தது. எட்டு இருபதுக்கு வசந்தாவின் ஜாக்கெட் மிசினிலிருந்து இறங்கியது. அதே நொடியில் கவிதா அபிராமியுடையதை நீட்டினாள். மிசின் ஒரு நிமிடம்கூடச் சும்மா நிற்கவில்லை. விலாவைப் பிடித்து, கையைப் பிடித்து, பின்கழுத்துக் கயிற்றை இழுத்து முடிந்ததும் தோள் நின்றுவிட்டது. கொக்கிகளை மாற்றிவைக்க மட்டும் நேரமில்லை. பானு அபிராமியைத் திருப்பி நிறுத்தி, ஊசி நூலை எடுத்து, அவள் முதுகிலேயே வைத்து ஜாக்கெட்டை மூடித் தைத்துவிட்டாள்.

"அசையாத தாயி. ராத்திரி கழட்டும்போது கத்தரிதான் வேணும். மறந்துறாத."

"மாப்ளகிட்ட சொல்லிறேன்" என்று அபிராமி சொன்னதும் அவள் அம்மா காதைப் பொத்திக்கொண்டார்.

ஒன்பது பத்துக்கு மணமேடை. நாங்கள் மூன்று பேரும் மாடிக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றோம். வசந்தா குனிந்து முடிச்சுப் போடக் கையைத் தூக்கியபோது, நான் கண்ணை மூடிக்கொண்டு கை அடியில் இருந்த ஒட்டுக்காக வேண்டிக்கொண்டேன். அது தாங்கியது. கெட்டிமேளம் அடங்கியதும் வசந்தா நிமிர்ந்து மாடியைப் பார்த்து, கையை முழுசாகத் தூக்கி, மடக்கி, நீட்டிக் காட்டினார். மேடையில் இருந்தவர்கள் ஏதோ புதுச் சடங்கு என்று நினைத்திருப்பார்கள்.

பந்தியில் அபிராமியின் அப்பாவே வந்து எங்கள் மூன்று பேருக்கும் இலை போட்டார். நான் பாயசத்தைப் பார்த்து மறுபடி அழுதேன். பானு தன் இலையிலிருந்த வடையை எடுத்து என் இலையில் வைத்து, "சாப்புடு. திரும்பிப் போகையில மிசினத் தூக்கணும்" என்றாள். அந்த வாரம் முழுக்க நான் பேசிய பேச்சுக்கு அவள் தந்த பதில் அந்த வடை மட்டும்தான்.

வண்டியில் திரும்பும்போது அக்கா போன் செய்தாள். நான் எடுக்கப் பயந்தேன். பானு வாங்கினாள். "நல்லபடியா முடிஞ்சுச்சுக்கா. பொண்ணு அம்சமா இருந்துச்சு. தேனுதான், கடைசி வரைக்கும் நின்ன எடத்த விட்டு அசையல." ஒரு வார்த்தை பொய் இல்லை. அப்படியே விட்டிருந்தால் நான் நல்லவளாகவே வீடு சேர்ந்திருப்பேன். ஆனால் போனைப் பிடுங்கி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஆணி, அட்டவணை, கடலை, சீட்டு, நாத்தனார் கை, பிளக் பாயிண்ட்.

மறுமுனையில் விசும்பல் மாதிரி ஏதோ கேட்டது.

"அக்கா, அழுவாதக்கா."

"அழுகலடி. சிரிக்க வைக்காத, தையலு பிரிஞ்சுரும்."

அக்கா திரும்பி வந்ததும் முதல் வேலையாகச் சுவர் ஓட்டைக்குப் பக்கத்தில் இன்னொரு ஆணி அடித்தாள். என்னைத் திட்டவில்லை. அந்தக் கருணைக்கு இன்றுவரை சரியான வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை. நான் இப்போது ஒரு தொழிற்சாலையில் அதே திட்டமிடல் வேலைதான் பார்க்கிறேன். கலர் அடிக்கிற பாகத்தை வேறொருவரிடம் கொடுத்துவிட்டேன். அட்டவணை போடும் முன் இயந்திரத்தில் நிற்கிறவரிடம் போய், "எதை மொதல்ல எடுக்கலாம்?" என்று கேட்பேன். சிலர் இவளுக்கு வேலை தெரியாது போலிருக்கிறது என்று பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

கல்யாணம் முடிந்து ஏழெட்டு மாதம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வசந்தா கடைக்கு வந்தார். கையில் ஜாக்கெட் துணி இல்லை. அக்காவிடம் உட்கார்ந்து பேசினார். "என் கொழுந்தனுக்குப் பொண்ணு பாக்குறோம். ஒங்க தங்கச்சியக் கேக்கலாமுன்னு வந்தேன். தப்புப் பண்ணுனவ எல்லாரும் ஒளிஞ்சுக்கிருவாக. இது செங்கப்பொடியோட வந்து நின்னு நான்தான்னு சொல்லுச்சு. எங்க வீட்டுக்கு அது போதும்."

அப்படித்தான் அவர் எனக்கு ஓரகத்தி ஆனார். சொந்தக்காரர்களிடம் என்னை அறிமுகப்படுத்தும்போதெல்லாம், "இவ என் கையப் பிடிச்சு வந்தவ இல்ல, மாட்டிவிட்டு வந்தவ" என்பார். அதோடு விடுவதில்லை. வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் பந்தி ஆரம்பிக்கும் நேரத்தில் அடுப்படியிலிருந்தே குரல் வரும்: "கொஞ்சமா சாப்புடுறவுக எல்லாம் மொதப் பந்திக்கு வாங்கப்பா! தேனு விதிப்படி சராசரி கொறையணும்!"

என் கணவர் ஒவ்வொரு வாயையும் நிதானமாக மென்று, ரசத்துக்கு இரண்டு தடவையும் மோருக்கு ஒரு தடவையும் சோறு வாங்கி, ஒரு இலையில் முக்கால் மணி நேரம் உட்காரக்கூடிய மனிதர். எல்லோரும் எழுந்து கை கழுவி முடிக்கும் வரை ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். யாராவது புதிதாக வந்த விருந்தாளி, "நீங்க இன்னும் சாப்புடலையா?" என்று கேட்டால், என்னைப் பார்த்துவிட்டு ரொம்பப் பணிவாகச் சொல்வார்:

"நான் பெரிய வேலைங்க. கடைசியிலதான் எடுப்பாக."